திருப்பதி டிக்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய மென்பொருள்

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குச் சென்னையிலிருந்து திருப்பதிக்கோ, காட்பாடியிலிருந்து சித்தூருக்கோ டிக்கெட் போட்டுக் கொடுப்பது வெளிநாட்டில் பொட்டி தட்டும் நமக்கு வழக்கமான வேலை. திரையில் தெரியும் இணையதளம் புதுசு. சீட் கணக்கு வைக்கும் மென்பொருளின் கதையோ பழசு.

1980களின் நடுவில் டில்லியில் கணினி முன்பதிவு தொடங்கியது. பிறகு மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று மொத்தம் ஐந்து மையங்கள். தென் மத்திய ரயில்வேயின் ரயில்களுக்குச் செகந்திராபாத், சென்னை ரயில்களுக்குச் சென்னை. திருப்பதி ஸ்டேஷனுக்கோ இரண்டும் வேண்டும். ரயில்வேயின் 'கிரிஸ்' எழுதிய 'கான்சர்ட்' 1990களின் நடுவில் செகந்திராபாத்தில்தான் முதலில் ஓடியது. 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களும் முழுமையாக இணைந்தன.

ஃபோர்ட்ரான், சி மொழிகளில் எழுதிய நிரல் அது. ஓடியது டெக் கம்பெனியின் வேக்ஸ் கணினியில், விஎம்எஸ் இயங்குதளத்தில். பிறகு ஆல்ஃபா வந்தது. 2001-ல் காம்பேக் ஆல்ஃபாவுக்கு முடிவு கட்டியதும் அடுத்தது இட்டானியம். ஒவ்வொரு முறையும் மாறியது அடியில் இருந்த இயந்திரம். விஎம்எஸ்ஸும் பழைய மொழிகளும் அப்படியே. ஜாவா, டாட்நெட் அலையெல்லாம் அடித்து ஓய்ந்தது. 2002-ல் ஐஆர்சிடிசி தளம் வந்தது, 2014-ல் அதைப் புதுப்பித்தார்கள். உள்ளே இருந்த கணக்குப்பிள்ளை மட்டும் மாறவில்லை!

இது சோம்பேறித்தனமா? இல்லை என்பேன். ஆர்ஏசி, காத்திருப்போர் பட்டியல், பெண்கள் கோட்டா, தட்கல், ரேணிகுண்டாவில் காலியாகும் பெர்த்தை அதற்கப்புறம் யாருக்குத் தருவது என்று நூறு விதிகள் அந்த நிரலுக்குள் இருக்கின்றன. புதிதாக எழுதும்போது ஒன்றைக் கோட்டை விட்டாலும் ஒரே பெர்த்துக்கு இரண்டு பேர் வந்து நிற்பார்கள். அதில் ஒருவர் நம் அம்மாவாக இருக்கலாம்.

ஆனால் எதற்கும் காலக்கெடு உண்டு. இட்டானியத்தை நிறுத்தப் போவதாக இன்டெல் 2019-ல் அறிவித்தது. கடைசிச் சரக்கு 2021 ஜூலையில் போனது. இரண்டரை வருஷ முன்னறிவிப்பு. 2022-ல் விஎம்எஸ்ஸே சாதாரண எக்ஸ்86 கணினிக்கு வந்துவிட்டதால் பழைய நிரலை இன்னொரு முறை தூக்கி வைக்கவும் வழி இருந்தது. ரயில்வே மேகக் கணிமைக்கு ஏற்ற புதிய அமைப்பைத் தேர்ந்தெடுத்தது. காரணம் கூட்டம். 2010-ல் நிறுவிய அமைப்பு நிமிடத்துக்கு 25,000 டிக்கெட்தான் தரும், புதியது நான்கு மடங்கு தரும் என்று 2025-ல் நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது இட்டானியம்தான். என்னைக் கேட்டால், 2019-லேயே அவசரம் காட்டியிருக்க வேண்டும்.

உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒரு கிழட்டு மென்பொருள் இருக்கும். புது மொழி வந்துவிட்டது என்று யாராவது குதித்தால் பொறுங்கள். அது ஓடும் இயந்திரத்தின் கடைசி விற்பனைத் தேதி என்ன, அதைப் புரிந்தவர்கள் எத்தனை பேர் மிச்சம், கூட்டத்தைத் தாங்குகிறதா என்று கேளுங்கள். மூன்றில் ஒன்று ஆட்டம் கண்டாலும் அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடுங்கள் மக்களே.