தோக்கியோ நேரத்தில் பினாங்குப் பள்ளிகள்

1941 டிசம்பர் 19 அன்று ஜப்பானியப் படை பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகருக்குள் நுழைந்தது. கடிகாரம் தோக்கியோ நேரத்துக்கு ஏற்ப ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. 1942இல் பள்ளிகள் மெல்லத் திறந்தபோது, பாடம் நடத்தி வந்த ஆசிரியர்களே ஜப்பானிய மொழி கற்க மாணவர்களாக உட்கார வேண்டியிருந்தது.

ஆங்கிலம் கற்பித்துத் தலை நரைத்தவரும் ‘அ, இ, உ, எ, ஒ’ என்று ஜப்பானிய எழுத்தான கத்தக்கானாவை எழுதிப் பழகினார். இந்த உயிரெழுத்து வரிசை தமிழருக்கு ஒன்றும் அந்நியமல்ல. அது சமஸ்கிருத மரபு வழியே ஜப்பானுக்குப் போனது. நேற்று படித்ததை இன்று வகுப்பில் சொல்லித்தர வேண்டும், அதுதான் தொல்லை!

காலையில் பிள்ளைகளோடு தோக்கியோ அரண்மனைத் திசை நோக்கித் தலைவணங்கி, ஜப்பானிய நாட்டுப்பண்ணான ‘கிமிகயோ’ பாட வேண்டும். பிறகு உடற்பயிற்சி. மலாயாவின் செய்தித்தாள்களிலும் நிப்போங்கோ எனும் ஜப்பானிய மொழிப் பாடங்கள் வந்தன. சம்பளமோ ஜப்பானியர் வெளியிட்ட, வாழைமரப் படம் போட்ட நோட்டு; விலைவாசி ஏற ஏற அதன் மதிப்பு கரைந்தது. அரிசிக்குப் பதில் மரவள்ளி. அரைவயிற்றோடு எத்தனை எழுத்து மனத்தில் நிற்கும்?

தமிழுக்கும் மலாய்க்கும் பள்ளியில் ஓரளவு இடம் இருந்தது. சீனப் பள்ளிகளுக்குத்தான் கடும் நெருக்கடி.

1945 செப்டம்பர் 3 அன்று பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் பினாங்கில் இறங்கினார்கள். நிப்போங்கோ பாடம் அத்தோடு நின்றது. வாழைமர நோட்டும் செல்லாக்காசானது.