எலும்பை அரித்தது யார்?

முடக்குவாதத்தில் விரல் மூட்டின் எலும்பு அரிக்கப்படுவதற்கு வீங்கிய மூட்டுச் சவ்வே நேரடிக் காரணம் என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. தடித்த சவ்வு களையைப் போல் படர்ந்து எலும்பின் விளிம்பைத் தின்கிறது, எலும்பு வெறுமனே பலியாகிறது என்பதே அந்தச் சித்திரம். எக்ஸ்ரேயும் அறுவை மேசையும் அதை மறுக்கவில்லை. சவ்வு தொட்ட இடத்தில்தான் குழியும் இருந்தது. இருந்தாலும், பக்கத்தில் நிற்பதாலேயே ஒருவரைக் குற்றவாளி என்றுவிட முடியாது. எலும்பைக் கரைக்கவென்றே உடலில் ஒரு செல் உண்டு. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற அதன் பெயர் 1873-இல் கோலிக்கர் வைத்தது. அழற்சி அந்தச் செல்லுக்கு ஆணையிடுகிறது, அரிக்கும் வேலையைச் செய்வது அந்தச் செல்தான் என்பது தெளிவாக மேலும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

முதல் தடயம் முடக்குவாத ஆய்விலிருந்து வரவில்லை என்பது வேடிக்கை. 1972-இல் ஹார்ட்டன் என்ற ஆய்வாளரும் சகாக்களும் மனித வெள்ளணுக்களைப் பல் காரையிலுள்ள பொருள்களால் தூண்டி வளர்த்தார்கள். அந்தத் திரவம் பட்ட கரு எலும்பில் ஆஸ்டியோகிளாஸ்டுகள் பெருகின, கால்சியம் வெளியேறியது. அந்தத் திரவத்தில் இருந்தது இன்டர்லூகின்-1 என்ற அழற்சிப் புரதம் என்று பின்னர் தெரிந்தது. டிஎன்எஃப் என்ற இன்னோர் அழற்சிப் புரதமும் எலும்பைக் கரைக்கத் தூண்டும் என்று 1986-இல் நிறுவப்பட்டது. லண்டனில் ஃபெல்ட்மன், மைனி என்ற ஆய்வாளர்கள் அந்த டிஎன்எஃபைத் தடுக்கும் எதிர்ப்பொருளை 1992-இல் நோயாளிகளுக்குக் கொடுத்தபோது வீக்கமும் வலியும் தணிந்தன. ஆனால் எலும்புக் கணக்கில் ஒரு கண்ணி விடுபட்டிருந்தது. ஆஸ்டியோகிளாஸ்டை உருவாக்கும் ஆர்ஏஎன்கேஎல் என்ற புரதம் 1990-களின் இறுதியில் கண்டறியப்பட்டதும் அது கிடைத்தது. அழற்சியுற்ற சவ்வும், டி-செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்களும் அந்தப் புரதத்தைச் சுரக்கின்றன.

தீர்மானமான சான்று எலிகளிடமிருந்து வந்தது. ஆர்ஏஎன்கேஎல் மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்குக் கிராவல்லீஸ் குழு 2001-இல் மூட்டழற்சியை வரவழைத்தது. மூட்டு வீங்கியது, எலும்போ பெருமளவு தப்பியது. மறு ஆண்டு வியன்னாவில், மிகையான டிஎன்எஃப் சுரந்தும் ஆஸ்டியோகிளாஸ்டே உருவாகாத எலிகளிலும் அதே முடிவு. சவ்வு முழு வேகத்தில் படர்ந்தும் எலும்பு அரிக்கப்படவில்லை என்றால், பழைய சித்திரம் நிற்காது.

எலிக்குப் பொருந்துவது மனிதருக்குப் பொருந்துமா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆர்ஏஎன்கேஎல்லைத் தடுக்கும் டெனோசுமாப் மருந்தை முடக்குவாத நோயாளிகளிடம் சோதித்து 2008-இல் வெளியிட்ட முடிவு அதற்கு விடை சொன்னது: எலும்பரிப்பு குறைந்தது, வீக்கமும் வலியும் அப்படியே இருந்தன. மறுபக்கச் சான்றும் உண்டு. டிஎன்எஃப் தடுப்பு மருந்தால் நோய்க்குறிகள் தணியாதவர்களிடமும் எலும்புச் சேதம் மந்தப்பட்டதை 2005-இல் ஸ்மோலன் குழு காட்டியது. வலியும் அரிப்பும் ஒரே ஊற்றில் பிறந்தாலும் எப்போதும் ஒரே அளவில் ஓடுவதில்லை.

அப்படியானால் செல்லை மட்டும் அடக்கினால் போதாதா? போதாது. ஆணை வரும் இடம் அழற்சிதான். குருத்தெலும்பின் தேய்மானத்தையும் டெனோசுமாப் தடுக்கவில்லை. சவ்வைக் குற்றம் சாட்டிய பழைய மருத்துவர்கள் முழுத் தவறு செய்யவில்லை, கையாளைக் கவனிக்காமல் விட்டார்கள், அவ்வளவுதான். ஜப்பான் 2017-இல் முடக்குவாத எலும்பரிப்புக்கு டெனோசுமாபை அனுமதித்தது. அழற்சியை அடக்கும் மருந்துகளுக்கு மாற்றாக அல்ல, அவற்றோடு சேர்த்துத் தருவதற்காக.