நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டமும் முதிய படைவீரருக்கான மரியாதையும்

சென்னை நந்தம்பாக்கத்தில், பரங்கிமலை–பூந்தமல்லி சாலையில், மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டம் அமைந்துள்ளது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் இருந்த பல கல்லறைகளை நிலையாகப் பராமரிக்க இயலாத நிலையில், இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் உடல்கள் இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்யப்பட்டன. 1952-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இத்தோட்டத்தில் 850-க்கும் மேற்பட்ட வீரர்கள் துயில்கின்றனர். முதல் உலகப் போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இங்குள்ள நினைவுச்சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இதைப் பராமரிக்கிறது. நவம்பர் மாதத்தில் இங்கு நடைபெறும் நினைவு நாள் நிகழ்ச்சியில் ஓய்வுபெற்ற படைவீரர்கள் மலர்வளையம் வைப்பது வழக்கம்.

1917-இல் தொடங்கப்பட்ட அந்த ஆணையத்தின் விதி எளிமையானது: அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். ஆனால் விதி எல்லோருக்கும் எட்டவில்லை. ஆப்பிரிக்க, ஆசிய வீரர்கள் பலருடைய பெயர்கள் முதல் உலகப் போருக்குப் பின் பொறிக்கப்படாமலே விடப்பட்டன என்பதை ஆணையமே 2021-இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது.

கன்னிவாடி போன்ற ஊரிலிருந்து ஒரு முதியவரை இங்கு அழைத்து வருபவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். அவருடன் போரிட்டு இறந்த நண்பருக்கு எங்குமே கல்லறை இல்லாதிருக்கலாம். இந்து, சீக்கிய வீரர்களின் உடல்கள் பெரும்பாலும் எரியூட்டப்பட்டதால், அவர்களுக்குப் பெயர் மட்டுமே மிஞ்சியது. கோகிமாவில் 1,420 கல்லறைகள் உள்ளன. எரியூட்டப்பட்ட 917 பேருக்கோ தனியே ஒரு நினைவுச்சின்னம். மலாயா, பர்மா போர்முனைகளில் கல்லறை இன்றி மடிந்தவர்களின் பெயர்களைச் சிங்கப்பூரின் கிராஞ்சியிலும், யாங்கோன் அருகேயுள்ள தௌக்கியானிலும் தேட வேண்டும்.

ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடலாம். பல பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும் உண்டு. திண்டுக்கல் மாவட்டம் 1985-இல்தான் உருவானது. எனவே இப்பகுதியினரை மதுரை மாவட்டத்தின் கீழ் தேடுவதே சரி. முருகையா, முருகய்யா என ஒரே பெயருக்கு ஆங்கிலத்தில் பல எழுத்துக்கூட்டல்கள் இருக்கும். படைப்பிரிவும் எண்ணும் தெரிந்தால் தேடல் எளிதாகும். பழைய டிரங்குப் பெட்டியில் கிடக்கும் விடுப்புச் சான்று, பதக்கத்தின் விளிம்பு ஆகியவற்றில் இவ்விவரங்கள் கிடைக்கக்கூடும்.

வீழ்ந்த சாமானியனின் பெயரைக் கல்லில் வெட்டுவது நமக்குப் புதிதன்று. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட தமிழி நடுகற்களில் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஐரோப்பியப் படைகள் சிப்பாயின் பெயரைப் பொறிக்கத் தொடங்கியது மிகப் பிற்காலத்தில்தான்.

1945-இல் பதினெட்டு வயதில் இருந்தவர் இன்று நூறை நெருங்கியிருப்பார். கன்னிவாடியிலிருந்து சென்னைக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல். பயணம் இயலாதவர்களுக்கு, நண்பரின் பெயர் பொறித்த பலகையின் படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கையில் கொடுத்து, பெயரை உரக்கப் படித்துக் காட்டலாம். அந்தப் பெயருக்குரிய முகத்தை அறிந்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவரே.