கணக்குக் காட்டாதவரும் அவர் வீட்டாரும்

உத்திரமேரூர் என்றதும் குடவோலை நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில், வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகளை நம் பிள்ளைகள் பாடநூல் வழியே அறிவார்கள். முப்பது குடும்புகள், குடத்திலிட்ட ஓலைகள் என்று தேர்வுக்காக மனனமும் செய்திருப்பார்கள். அதே கல்வெட்டில் கணக்கைப் பற்றிய விதிகளும் உள்ளன. தேர்தலைவிட அவையே நம் வீடுகளுக்கு நெருக்கமானவை என்று கருதுகிறோம்.

ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என ஊர்ப் பணிகள் பிரிக்கப்பட்டிருந்தன. (இன்றும் மின் வாரியம் என்றுதானே சொல்கிறோம்!) வாரியப் பொறுப்பு வகித்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரை மீண்டும் ஓலையில் எழுதக் கூடாது. அவர் பெயரை மட்டுமா? சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மைத்துனர், மருமகன், தந்தை, மகன் என்று உறவு முழுவதையும் எண்ணி விலக்குகிறது அந்தக் கல்வெட்டு.

ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்பது திருமறையின் நெறி. ஆகவே உறவினரைத் தண்டிக்கும் இவ்விதியை நாம் ஏற்க இயலாது. நிலமற்றவருக்கும் பெண்களுக்கும் இடமளிக்காத ஓர் அந்தணர் சபையைப் பொற்காலமாகப் புகழ்வதும் நம் நோக்கமன்று. ஆயினும் நடைமுறையைப் பாருங்கள்: மின் கட்டணத்தை மறந்தவர் ஒருவர்; இணைப்பைத் துண்டித்தால் இருளில் அமர்வது வீடு முழுவதும்.

இன்னொரு விதி நுட்பமானது. கணக்கு எழுதியவரே அதை முடித்து ஒப்படைக்க வேண்டும்; வேறொருவரை வைத்து முடிக்கக் கூடாது. எழுதியவருக்கு மட்டுமே விளங்கும் கணக்கு எத்தகைய தொல்லை என்பதை அச்சபையோர் அறிந்திருந்தனர் போலும்.

இதற்கு ஏறத்தாழ 280 ஆண்டுகளுக்கு முன் மதீனாவில் நிகழ்ந்த ஒன்றையும் வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் ஒரு பணப் பத்திரம் கொண்டுவரப்பட்டது. தவணை ஷஃபான் மாதம் என்று மட்டும் அதில் இருந்தது. எந்த ஷஃபான், கடந்ததா, நடப்பதா, வரப்போவதா என்று அவர்கள் வினவினார்கள். விடை சொல்வாரில்லை. நபித்தோழர்களைக் கலந்து ஹிஜ்ரத்தைத் தொடக்கமாகக் கொண்டு ஆண்டுக் கணக்கை அவர்கள் நிறுவியதற்கு இத்தகைய குழப்பமே காரணமாகச் சொல்லப்படுகிறது. இன்று நாம் நோன்புக்கும் ஹஜ்ஜுக்கும் நோக்கும் ஹிஜ்ரி ஆண்டின் பிறப்பில் ஒரு கடன் தவணைக்கும் பங்குண்டு!

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனைப் பற்றியதுதான். குறித்த தவணையுள்ள கடன் சிறிதாயினும் பெரிதாயினும் எழுதிக்கொள்ளச் சலிப்படையலாகாது என்று அது பணிக்கிறது. நம்மில் பலர் இதைக் கைமாற்றுக்கும் வட்டிக்கடை விவகாரத்துக்கும் உரியதென்று ஒதுக்கிவிடுகிறோம். மின்சாரத்தை இரண்டு மாதம் பயன்படுத்திவிட்டு, அளவெடுத்தபின் இருபது நாள் கெடுவுக்குள் பணம் செலுத்துகிறோமே, அது கடனல்லாமல் வேறென்ன? மாதக் கடைசியில் தீர்க்கும் பால் கணக்கும் மளிகைப் பற்றும் அவ்வாறே. வசதியுள்ளவர் கடனைத் தாமதிப்பது அநீதி என்னும் நபிமொழி இவற்றுக்கும் பொருந்தும். கையில் பணமில்லாமல் தவறுவது வேறு. பணமிருந்தும் சீட்டு எங்கோ கிடந்து தேதி தவறுவதைத்தான் இங்கே குறிப்பிடுகிறோம்.

இதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். கைப்பேசியிலும் எழுதலாம், ஆனால் நோட்டையே நாம் விரும்புகிறோம், அதை வீட்டில் எல்லோரும் திறக்க முடியும். கட்டணத்தின் பெயர், இணைப்பு எண், கடைசி நாள், செலுத்திய நாள் ஆகியவற்றை எழுதி ரசீதையும் செருகிவையுங்கள். பேரூராட்சிக்குள் வீடுள்ளோர் அரையாண்டுச் சொத்து வரிக்கு ஏப்ரல் 30, அக்டோபர் 31 என்ற இரு நாள்களையும் குறித்துக்கொள்ளலாம். அதற்குள் செலுத்துவோருக்கு 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு.

ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, இறந்தவருக்கு மூன்று தீனார் கடன் இருப்பதையும், அதைத் தீர்க்க அவர் எதையும் விட்டுச் செல்லவில்லை என்பதையும் கேட்டறிந்த நபி (ஸல்) அவர்கள் தொழுவிக்கத் தயங்கினார்கள். அபூ கதாதா (ரலி) அதற்குப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்தார்கள். கடன் எவ்வளவு என்பது அங்கிருந்தோருக்குத் தெரிந்திருந்தது. நம் வீடுகளில் எல்லாக் கட்டணத்தையும் தந்தையே செலுத்துகிறார், அல்லது வளைகுடாவிலிருந்து கணவர் கைப்பேசி வழியே செலுத்திவிடுகிறார். வீட்டிலிருக்கும் பெண்களுக்கு இணைப்பு எண்கூடத் தெரிவதில்லை. நோட்டின் முதல் பக்கத்தை அவர்களே தம் கையால் எழுதட்டும்.