காவல் மலக்குகள்: ஒரு நம்பிக்கையின் சமுதாய அடிப்படை

சமய நம்பிக்கைகளை மூடத்தனமென ஒதுக்குவதும் காலங்கடந்தவையெனப் போற்றுவதும் வரலாற்றாய்வுக்கு உதவா. ஒரு நம்பிக்கை எத்தகைய மனித உறவுகளினிடையே பொருள் பெற்றது என்பதே நம் முன்னுள்ள வினா. இஸ்லாத்தின் காவல் மலக்குகள் பற்றிய நம்பிக்கையை இந்நிலைநின்று நோக்குவோம்.

ஒவ்வோர் ஆன்மாவின்மீதும் காவலர் உண்டெனக் குர்ஆனின் 86ஆம் அத்தியாயம் கூறும். வலமும் இடமும் அமர்ந்து மனிதனின் சொற்களைப் பதிவோர் பற்றி 50ஆம் அத்தியாயமும், செயல்களை அறிந்தெழுதும் கண்ணியமிக்க எழுத்தர்கள் (கிராமன் காத்திபீன்) பற்றி 82ஆம் அத்தியாயமும் பேசுகின்றன. காத்தலும் கணக்கெழுதுதலும் ஒருங்கிணைந்திருத்தல் அவதானிக்கத்தக்கது. மனிதனுக்குத் துணைநிற்கும் வானவர் என்னும் எண்ணம் யூத, கிறித்தவ மரபுகளிலும் உண்டு. ஆயின், ஒரு கருத்து எங்கிருந்து வந்தது எனக் காட்டுவதனால் அது ஏன் வேரூன்றியது என்பது விளக்கம் பெற்றுவிடாது.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்து மக்காவில் அரசோ காவற்படையோ இருக்கவில்லை. குலத்தின் பழிவாங்கும் வலிமையே தனிமனிதனின் உயிர்க்காப்பு. அஃதற்றவன் பிறரது அடைக்கலத்தை (ஜிவார்) நாடவேண்டியிருந்தது. 619ஆம் ஆண்டளவில் அபூதாலிப் மறைந்தபின், தாயிபிலிருந்து மீண்ட நபிகள் நாயகமும் முத்இம் இப்னு அதீயின் அடைக்கலத்திலேயே மக்காவினுட் புகுந்தார் என மரபுவழி வரலாறுகள் கூறும். பிலால் போன்ற அடிமைகளுக்கோ குலக்காப்பு எதுவுமில்லை. அத்தகைய சமுதாயத்தில், ஒவ்வோர் ஆன்மாவுக்கும் காவலர் உண்டென்ற கூற்று, குருதியுறவின் தனியுரிமையாயிருந்த காப்பினை யாவர்க்கும் பொதுமையாக்கியது. ஏட்டிற் பதியப்படுவதும் குலத்தின் பெருமையன்று, தனிமனிதனின் செயலே. எனினும் அடிமைமுறை இதனால் ஒழிந்துவிடவில்லை. கருத்துநிலையில் அறிவிக்கப்பட்ட சமத்துவம் சொத்துறவுகளை மாற்றிவிடவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

13ஆம் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் இவ்விடத்து முக்கியமானது. மனிதனுக்கு முன்னும் பின்னும் தொடர்ந்து வருவோர் (முஅக்கிபாத்) பற்றி அது கூறும். இவர்கள் இரவும் பகலும் முறைமாறிக் காக்கும் மலக்குகள் என்பதே பெரும்பான்மையோர் கொண்ட பொருள். ஆனால், 923இல் மறைந்த பேரறிஞர் தபரி, இவ்விளக்கத்தைப் பதிவுசெய்தபின், வேறொன்றையே ஏற்புடையதாகக் கொள்கின்றார். அதன்படி, இவர்கள் அதிகாரமுடையோர் தம்மைச் சூழ நிறுத்திக்கொள்ளும் மெய்க்காவலர்; இறைவன் தண்டிக்க நாடின் அக்காவலர் பயன்படார். அப்பாசியக் கலீபாக்களின் ஆட்சிக் காலத்தில், பக்தாதில் வாழ்ந்து எழுதிய ஒருவர் இப்பொருளைத் தெரிந்தெடுத்தமை கருதத்தக்கது. ஒரே சொல், எளியோர்க்கு ஆறுதலாகவும் ஆள்வோர்க்கு எச்சரிக்கையாகவும் நின்றுள்ளது.

அதே வசனத்திலேயே, ஒரு சமூகத்தார் தம்மிடமுள்ளதைத் தாமே மாற்றாதவரை இறைவன் அவர்களது நிலையை மாற்றுவதில்லை என்ற கருத்தும் இடம்பெறுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜமாலுத்தீன் அல்-ஆப்கானி ஐரோப்பிய ஆதிக்கத்திற்கெதிராக முஸ்லிம்களை விழிப்பூட்ட இப்பகுதியையே பெரிதும் எடுத்தாண்டார். காவலைப் பேசும் வசனம் செயலுக்கும் அழைப்பு விடுக்கின்றது. முன்னதை மட்டும் ஓதி, பின்னதை மறக்கச் செய்வது எவர் நலனுக்கு உகந்தது என்பதை ஒவ்வொரு காலகட்டத்திலும் ஆராய்தல் வேண்டும். நம்பிக்கையின் சமுதாயப் பணியை மதிப்பிடுவதற்கு அதுவே தக்க வழியெனலாம்.