குறைந்த செலவில் இணையக் கடை – ஒரு சிறு வரலாறு

இணையத்தில் சிறிதாக ஒரு கடை திறக்க நினைப்பவர் முதலில் கேட்கும் கேள்வி, மென்பொருளுக்கு எவ்வளவு செலவாகும் என்பதுதான். 1994-ல் இதற்கு இருந்த பதில் பத்தே ஆண்டுகளில் தலைகீழாக மாறியது. ஆனால் செலவு குறைந்ததா, அல்லது இடம் மாறியதா என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

எட்டாக்கனியாக இருந்த காலம்

1994 டிசம்பரில் நெட்ஸ்கேப் நிறுவனம் வணிகத்துக்கான வழங்கி மென்பொருளை வெளியிட்டது. வாங்குபவரின் கடன் அட்டை எண் வழியில் யார் கண்ணிலும் படாமல் கடைக்குப் போய்ச் சேரும் வசதி அதில் இருந்தது. விலை 5,000 டாலர். அதற்கு மேல் கணினி, இணைய இணைப்பு, நிரல் எழுதுபவரின் சம்பளம் என்று செலவுகள் இருந்தன. பெரிய நிறுவனங்களுக்கு இது பெரிய தொகை அல்ல. வீட்டில் இருந்தபடி நாலு பொருள் விற்க நினைத்தவருக்கு இது எட்டாக்கனி.

நான்கு இலவசக் கருவிகள்

இந்த நிலையை மாற்றியவை நான்கு மென்பொருள்கள். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸைத் தொடங்கினார். 1995-ல் தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து அப்பாச்சி வழங்கியை வெளியிட்டனர். அதே ஆண்டில் ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சொந்தப் பக்கத்துக்காக எழுதிய பிஎச்பி பொதுவில் வந்தது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் 1995-ல் பிறந்ததே. 2000-ல் அது கட்டற்ற உரிமத்துக்கு மாறியது. இந்த நான்கின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 1998-ல் ஒரு ஜெர்மன் கணினி இதழில் 'லாம்ப்' என்று பெயர் சூட்டினார் மைக்கேல் குன்ட்சே.

ஒரு மளிகைக் கடையோடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். லினக்ஸ் என்பது கடை இருக்கும் கட்டடம். கேட்ட பொருளை எடுத்துக் காட்டும் ஆள் அப்பாச்சி. சரக்கும் விற்பனையும் பதியப்படும் பேரேடு மைஎஸ்கியூஎல். பேரேட்டைப் பார்த்துப் பதில் சொல்லும் கணக்குப்பிள்ளை பிஎச்பி. நான்குக்கும் காசு இல்லை. 2000-ல் வந்த ஓஎஸ்காமர்ஸ் போன்ற இலவசக் கடை மென்பொருள்கள் இந்த அடித்தளத்தின் மேல்தான் எழுந்தன.

மென்பொருள் இலவசம் என்றால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. பியர் ஒமிட்யார் 1995 செப்டம்பரில் ஓர் ஏலத் தளத்தைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் ஈபே ஆனது. அவர் பயன்படுத்திய பெர்ல் மொழி இலவசம். அங்கே முதலில் விற்ற பொருள், 14.83 டாலருக்குப் போன ஓர் உடைந்த லேசர் சுட்டி. கூட்டம் பெருகியதும் தளத்துக்கு இடம் தந்த நிறுவனம் மாதக் கட்டணத்தை 250 டாலராக உயர்த்தியது. அதைச் சமாளிக்கவே அவர் விற்பவர்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கினார்.

வாடகைக் கடைகள்

நிரல் எழுதத் தெரியாதவருக்கு லாம்ப் இருந்தும் பயனில்லை. அவர்களுக்கு வழி காட்டியது, 1995-ல் பால் கிரகாமும் ராபர்ட் மாரிஸும் தொடங்கிய வயாவெப். உலாவி வழியாகவே கடையை அமைத்துக் கொள்ளலாம். சிறு கடைக்கு வாடகை மாதம் 100 டாலர். 1998-ல் யாஹூ இதை வாங்கி யாஹூ ஸ்டோர் ஆக்கியது. கனடாவில் பனிச்சறுக்குப் பலகை விற்ற டோபியாஸ் லூட்கே, தன் கடைக்குப் பொருத்தமான மென்பொருள் கிடைக்காமல் 2004-ல் தாமே ஒன்றை எழுதினார். 2006 முதல் அதைப் பிறருக்கு வாடகைக்கு விட்டார். அதுதான் ஷாப்பிஃபை. அவர் எழுதப் பயன்படுத்திய ரூபி ஆன் ரெயில்ஸும் இலவசமானதே.

வாடகைக் கடையில் பழுது பார்க்கும் வேலை நமக்கு இல்லை. ஆனால் வாடகையை உயர்த்துவதும் விதியை மாற்றுவதும் கட்டடத்துக்காரர் கையில் இருக்கிறது.

பின்னால் வரும் செலவு

சொந்தக் கடைக்கும் ஆபத்து உண்டு. 2008-ல் வந்த மஜெண்டோவை நம்பிப் பல கடைகள் தொடங்கப்பட்டன. 2015-ல் வந்த இரண்டாம் பதிப்பில் பழைய வார்ப்புருக்களும் இணைப்புகளும் வேலை செய்யவில்லை. 2020 ஜூனில் முதல் பதிப்புக்கான ஆதரவும் நின்றது. அதில் இருந்தவர்கள் கடையை ஏறக்குறைய புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. வாங்கும்போது காசு இல்லை. மாற்றும்போது செலவு வந்தது.

மைஎஸ்கியூஎல் கதை வேறு விதமாக முடிந்தது. 2008-ல் சன் நிறுவனம் அதைச் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது. 2010-ல் அது ஆரக்கிள் கைக்குப் போனது. கட்டற்ற உரிமம் இருந்ததால், அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் அதே நிரலைக் கொண்டு 2009-ல் மரியாடிபி-யைத் தொடங்கினார். உரிமையாளர் மாறினாலும் பயனாளருக்கு வேறு வழி திறந்தே இருந்தது.

சிறு வணிகர் விலைப்பட்டியலை மட்டும் பார்த்தால் போதாது. பழுதானால் யார் பார்ப்பது? வாடிக்கையாளர் பட்டியலையும் விற்பனைக் கணக்கையும் முழுதாக வெளியே எடுக்க முடியுமா? நாளை அந்த நிறுவனம் கைமாறினால் என்ன ஆகும்? இந்த மூன்றையும் முதலிலேயே கேட்க வேண்டும். கடையை மாற்றினாலும் பேரேடு கையில் இருந்தால் வியாபாரம் நிற்காது.