தலைமுறைத் துயரமும் ஆயர் பணியும்

மனநோயாளியைக் குடும்பத்தினின்று பிரித்துக் காப்பகத்தில் அடைப்பதே நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. 1950களில் அமிர்தசரசில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் உறவினரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரமிட்டுத் தங்கச் செய்தார். 1957இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் தொடங்கிய மனநல மையமும் உறவினர் உடனிருப்பதைச் சிகிச்சையின் பகுதியாக்கிற்று. நோயாளியோடு குடும்பத்தின் கதையும் மருத்துவர் முன் வந்தது.

1966இல் கனடாவில் விவியன் ராக்கோஃப், யூதப் படுகொலைக்குத் தப்பியோரின் வேதனை பிள்ளைகளிடம் தொடர்வதைச் சுட்டினார். யாழ்ப்பாணப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் மனவடு தனிமனிதரோடு நில்லாது குடும்பத்தையும் ஊரையும் பற்றுவதை விளக்கினார். 1983க்குப் பின் தமிழகம் வந்த ஏதிலியரின் பேரப்பிள்ளைகளும் தாம் காணாத ஊரின் துயரைச் சுமக்கக்கூடும்.

இது விதியா? எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் தந்தையரின் குற்றத்தைப் பிள்ளைகள்மேல் சுமத்த மறுக்கிறது. குற்றம் வழிவழி வருவதன்று, காயமோ வரக்கூடும். அதனை மறைப்பதால் ஆறுதல் பிறவாது. இயேசுவின் வம்ச வரலாற்றில் தாமாரையும் உரியாவின் மனைவியையும் மத்தேயு மறைக்கவில்லை.

கேளம்பாக்கம் போன்ற புறநகர்ச் சபைகளில் பல ஊர்களிலிருந்து குடியேறியோர் கூடுகின்றனர். வீடு சந்திக்கும் ஆயர், ஜெபிக்குமுன் பாட்டன் பாட்டியரின் கதையையும் பொறுமையுடன் கேட்பாராக. கடும் நோயெனில் மருத்துவரிடம் சேர்ப்பாராக.